திரும்ப மறுக்கும் சாவி

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்திருக்கும் கேமரன் மலையில், காரை நிறுத்துவதற்குச் சமதரை தேடுகிறவர் வெகுநேரம் தேட வேண்டியிருக்கும். 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பிரதேசத்தைக் கண்டு சொன்ன காலத்தில் இங்கே அடர்ந்த காடும் ஒராங் அஸ்லி மக்களின் சிற்றூர்களுமே இருந்தன. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் சரிவுகளை வெட்டிச் சாலைகளும், சாலைகளை ஒட்டி லயங்களும், லயங்களைச் சுற்றிக் கடைத்தெருக்களும் மெல்ல மெல்ல உருவாயின. பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே செல்லும் பாதை, கியா பார்மைக் கடந்து திரிங்காப்பை அடைந்து, அப்பால் கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று வளைந்து வளைந்து நீளுகிறபோது, ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்க, இடையில் கிடைத்த நிலத்தில்தான் காய்கறிக் கிடங்குகளும் கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆகவே இங்குள்ளவர்கள் பெரும்பாலும் சரிவில்தான் காரை நிறுத்துகிறார்கள். நிறுத்தும்போது, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முறைப்படி, கைப்பிரேக் தளர்ந்தாலும் வண்டி சாலையில் உருண்டு போய்விடாதபடி, முன்சக்கரங்களை ஓரத்தை நோக்கித் திருப்பி வைக்கிறார்கள். மிகவும் புத்திசாலித்தனமான இந்த வழக்கமே, மறுநாள் காலையில் சாவியைச் செருகித் திருப்புகிறபோது அது எள்ளளவும் அசையாமல் நிற்பதற்கு ஒரு முக்கியமான காரணமாக அமைந்துவிடுகிறது.

சாவி திரும்பவில்லை என்றவுடன் பூட்டு கெட்டுவிட்டது என்று தீர்மானிப்பது மனித சுபாவம். ஆனால் காரின் சாவித்துவாரத்துக்குப் பின்னால் இருப்பது ஒரே பூட்டு என்று நினைப்பதில்தான் முதல் பிசகு நேருகிறது. வந்திருப்பது தனக்குரிய சாவிதானா என்று பரீட்சிக்கும் உருளை ஒன்று; ஸ்டியரிங் தண்டு சுழலாமல் தடுத்து நிற்கும் எஃகுத் தாழ் ஒன்று; இவ்விரண்டுக்கும் பின்னால், மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் வேலை செய்யும் சுவிட்சு ஒன்று; ஆக மூன்று சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. சாவியைத் திருப்புகிற விரல்களுக்கு இவற்றுள் எது மறுக்கிறது என்பது தெரியாது. மறுப்பது எதுவென்று கண்டுபிடிப்பதே இங்கே சிகிச்சையில் பாதி.

முதலில் உருளையைப் பார்ப்போம். சாவியின் பள்ளம்மேடுகளைக் கொண்டு அதன் உண்மையைச் சோதிக்கும் யுக்தி மிகப் பழமையானது; ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர்கள் மரத்தாழில் மரமுளைகளைத் தொங்கவிட்டு, அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கும் மரச்சாவியைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1861-லும் 1865-லும் பெற்ற உரிமங்களின் வழியே, அந்தப் பழைய தத்துவத்தைச் சிறு பித்தளை உருளைக்குள்ளும் தட்டையான சாவிக்குள்ளும் அடக்கிக் காட்டினார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்முடைய திண்டுக்கல் பூட்டு வேறு குலத்தைச் சேர்ந்தது. அதற்குள்ளே நெம்புகோல் தகடுகள் உயர்ந்து தாழ்ந்து வழிவிடுகின்றன. காரில் இருப்பதோ யேலின் உருளையிலிருந்து சற்று விலகி வளர்ந்த வகை: முளைகளுக்குப் பதிலாக மெல்லிய பித்தளைத் தகடுகள்.

ஒரு சுண்டுவிரல் பருமனுள்ள உருளையில் குறுக்காகச் சிறு பிளவுகள் வெட்டப்பட்டு, ஒவ்வொரு பிளவிலும் நடுவில் துளையுள்ள ஒரு தகடு, நூலிழை போன்ற சுருள்வில்லின் மேல் அமர்ந்திருக்கிறது. சாவி இல்லாத நேரத்தில் வில் தகட்டை ஒரு பக்கமாகத் தள்ளுவதால், அதன் ஓரம் உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் காடியில் போய் மாட்டிக்கொள்ளும், உருளை சுழலாது. உரிய சாவி உள்ளே நுழைகிறபோது, அதன் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைத் தனக்குரிய அளவு இழுத்து, எல்லாத் தகடுகளின் ஓரங்களையும் உருளையின் மேற்பரப்போடு ஒட்டிய மட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்போதுதான் உருளை விடுபடும். எட்டுத் தகடுகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆழங்கள் சாத்தியமானால், நான்கை எட்டு முறை பெருக்கி 65,536 விதமான சாவிகளை உண்டாக்கலாம். இவ்வளவு வேறுபாடுகளையும் ஏந்தி நிற்பது எவ்வளவு சிறிய தூரம் தெரியுமா? அடுத்தடுத்த இரண்டு ஆழங்களுக்கு இடையே இருப்பது சுமார் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு பகுதி தேய்ந்துபோனாலே பூட்டுக்குத் தன் சொந்தச் சாவி அந்நியமாகிவிடுகிறது.

தேய்வது இரண்டு பக்கமும் நடக்கிறது. சாவியும் பித்தளை அல்லது நிக்கல் கலந்த வெண்ணிற உலோகம், தகடும் பித்தளை. பல வருஷங்கள் நாள்தோறும் நுழைந்து வெளிவரும் சாவியின் முகடுகள் மழுங்கி, பள்ளத்தாக்குகளின் ஓரங்கள் வட்டமாகிவிடுகின்றன. இந்த நிலையில் பலரும் செய்வது, தேய்ந்த சாவியையே கடையில் கொடுத்து அதன் பிரதியை வெட்டிக்கொள்வது. நகல் எடுக்கும் இயந்திரம் மூலத்தின் குறைகளையும் பக்தியோடு நகல் எடுத்துவிடும். தன் பங்குக்குச் சிறிது பிழையையும் சேர்க்கும். சாவியோடு வந்த உலோக வில்லையிலோ வண்டியின் பத்திரங்களிலோ இருக்கும் சாவி எண்ணைக் கொடுத்து, ஆலை நிர்ணயித்த ஆழங்களின்படி புதிதாக வெட்டச் சொல்வதுதான் சரியான வழி. வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் இரண்டாவது சாவிக்கும் ஓர் உபயோகம் இங்கே உண்டு: அது திரும்பினால் குற்றம் சாவியினுடையது, அதுவும் திரும்பாவிட்டால் குற்றம் பூட்டினுடையதோ, அதற்கும் அப்பால் இருப்பதனுடையதோ. காசு செலவில்லாத பரீட்சை இது. ஆயினும் பலருக்கு இந்த நினைப்பு வருவதற்குள் சாவி முறுகிவிடுகிறது.

இனி அந்த எஃகுத் தாழுக்கு வருவோம். மோட்டார் வண்டியின் ஆதிகாலத்தில் ஸ்டியரிங்குக்குப் பூட்டு கிடையாது. சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்து, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் அபாயகரமான வேலையை ஒழித்த பிறகும், சாவி பல காலம் மின்சாரத்தைத் திறந்து மூடும் காவலாளியாக மட்டுமே இருந்தது. சாவியைத் திருப்பியே ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தைக் கிரைஸ்லர் கம்பெனி 1949-இல் பரப்பத் தொடங்கியது. ஆனால் கம்பிகளை நேராக இணைக்கத் தெரிந்த திருடனுக்குச் சாவி ஒரு தடையே அல்ல. ஆகையால் மேற்கு ஜெர்மனி 1961-இல் ஸ்டியரிங் பூட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கியது; அமெரிக்காவின் விதி 1970 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. கம்பியை இணைத்து இயந்திரத்தைக் கிளப்பினாலும் வளைவில் வண்டியைத் திருப்ப முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம். இந்தச் சரித்திரத்தைக் கேமரன் மலையில் புத்தகம் இல்லாமலே படிக்கலாம். காய்கறித் தோட்டக்காரர்கள் இன்றும் சேற்றுப் பாதைகளில் ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய லேண்ட்ரோவர்களில் முற்பட்டவற்றில் சாவி முன்பலகையில் இருக்கும், ஸ்டியரிங் தடையின்றிச் சுழலும். 1971-இல் வந்த மூன்றாம் வரிசையிலோ சாவி ஸ்டியரிங் தண்டின் அருகே குடிபெயர்ந்து, தாழும் உடன்வந்துவிட்டது. மலேசியாவின் சொந்தக் காரான புரோட்டோன் சாகா 1985-இல் வெளிவந்தபோது ஸ்டியரிங் பூட்டு உலகெங்கும் சாதாரண வழக்கமாகிவிட்டிருந்தது.

திரிங்காப் கடைத்தெருவில் ஒருநாள் விடியற்காலையில், மலையிலிருந்து பனி இன்னும் இறங்காத வேளையில், தேயிலைத் தோட்டத்துக் கிராணி ஒருவர் தம் காருக்குள் உட்கார்ந்து சாவியோடு மல்லாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கார் கீழ்நோக்கி நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கத்து வாய்க்காலை நோக்கி நன்றாகத் திரும்பியிருந்தன. இரண்டு கட்டைவிரல்களையும் சாவியின் மேல் வைத்து அழுத்தியதில் அவருடைய நகங்கள் வெளுத்திருந்தன. கோழிக்கடைக்காரர் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்போது முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்த லோரியிலிருந்து அதன் டிரைவர் இறங்கிவந்து ஜன்னலருகே குனிந்தார், வயதில் மூத்தவர்.

“தம்பி, கீயை விடுங்க. ஸ்டேரிங்கைப் பிடிங்க.”

“எந்தப் பக்கம் திருப்பணும்ணே?”

“ரெண்டு பக்கமும் லேசா அசைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் கெட்டியா முட்டிக்கிட்டு நிக்கும். இன்னொரு பக்கம் கொஞ்சம் கொடுக்கும். கொடுக்கிற பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் கீயை மெதுவாத் திருப்புங்க, வலுக்கட்டாயம் பண்ணாதீங்க.”

கிராணி அவ்வாறே செய்தார். சாவி ஓசையின்றித் திரும்பியது. குறடு வந்த வழியே போயிற்று.

அந்த டிரைவர் சொன்னது இயந்திரவியலில் மிகத் துல்லியமான பாடம். சாவியை உருவியவுடன், வில் ஒன்றினால் தள்ளப்பட்ட எஃகுத் தாழ் ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள வளையத்தின் காடிகளுள் ஒன்றில் போய் விழுகிறது. அப்போதே காடி நேரே அமையாவிட்டால், ஸ்டியரிங் சிறிது சுழன்று காடி எதிரே வந்தவுடன் விழும். சக்கரத்தைத் திருப்பி வைத்த நிலையில் தரையை ஒட்டியிருக்கும் டயரின் அடிப்பகுதி தரையைப் பற்றிக்கொண்டு நிற்க, மேற்பகுதி சக்கரத்தோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது; ஆகவே டயரின் உடம்பு முறுகியிருக்கிறது. ரப்பரின் இயல்பு பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்வது. ஒரு தலைமுறை முழுதும் பால்மரக் காடுகளில் கத்தியும் வாளியுமாக நின்ற நம் மக்கள் வடித்தெடுத்த அந்தப் பாலின் குணம்தான், இரவெல்லாம் சோராமல் சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளி, ஸ்டியரிங் தண்டைச் சுழற்றப் பார்க்கிறது. குறுக்கே நிற்பது தாழ். காடியின் சுவர் தாழின் விலாவில் போய் அழுந்திக்கொள்கிறது. பலத்த காற்று கதவை வெளியிலிருந்து தள்ளுகிறபோது தாழ்ப்பாளை இழுத்தால் வராது. தோளால் கதவை எதிர்ப்பக்கம் ஒரு கணம் சாய்த்துப் பிடித்தால், அதே தாழ்ப்பாள் சிறுகுழந்தையின் விரலுக்கும் இணங்கி வரும். அந்த நிலைமையேதான் இங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டியரிங் வளையத்தின் ஆரம் 18 சென்டிமீட்டர் என்றும், தாழ் தண்டின் மையத்திலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்தில் அதைத் தடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், நெம்புகோல் விதிப்படி வளையத்தில் ஒரு பங்கு விசை தாழில் ஒன்பது பங்காகும். வளையத்தின் ஓரத்தில் 5 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான முறுக்கை டயர் கொடுத்தால், தாழின் விலாவை அழுத்துவது 45 கிலோ எடைக்குச் சமமாகும். எஃகும் எஃகும் சிறிது கொழுப்புப் பூச்சோடு உராய்கிறபோது, அழுத்தத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு உராய்வு எதிர்க்கும் என்று கொள்ளலாம். தாழின் ஒரு பக்கம் காடியோடும் மறுபக்கம் அதன் இருப்பிடத்தின் சுவரோடும் உராய்வதால் எதிர்ப்பு இருமடங்காகி, தாழை வெளியே இழுக்க ஏறத்தாழ 13 கிலோ எடைக்குரிய விசை தேவைப்படும். மெல்லிய சாவியைப் பிடித்த இரண்டு விரல்களின் முறுக்குக்கு இது பெரிய பாரம். டயரின் முறுக்குக்கு எதிராக ஸ்டியரிங்கைச் சற்றே பிடித்த மாத்திரத்தில் விலாவின் அழுத்தம் நீங்குகிறது. அழுத்தம் நீங்கியவுடன் உராய்வும் நீங்குகிறது. மிஞ்சுவது அந்தச் சிறு வில்லின் எதிர்ப்பு மட்டுமே. தவறான பக்கத்தில் அழுத்தினால் பாரம் கூடும் என்பதையும் இதே கணக்குக் காட்டும். அதனால்தான் டிரைவர் முதலில் இரண்டு பக்கமும் அசைத்துப் பார்க்கச் சொன்னார்.

சமதரையிலும் இது நேர்வதுண்டு. காரிலிருந்து இறங்குகிறபோது பலர், முக்கியமாக வயதானவர்கள், ஸ்டியரிங்கைப் பற்றி இழுத்துக்கொண்டு எழுகிறார்கள்; அந்த ஓர் இழுப்பில் தாழ் காடியில் விழுந்து இறுகிவிடும். சரிவில் வாழ்கிறவர்கள் சக்கரத்தை ஓரமாகத் திருப்பி வைக்கும் நல்ல வழக்கத்தை இதற்காகக் கைவிடவே கூடாது. இயந்திரம் ஓய்வதற்கு முன் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து மெல்ல நழுவவிட்டு, டயர் தன் முறுக்கைத் தானே ஓரளவு தளர்த்திக்கொள்ள இடம் கொடுத்தால் போதுமானது.

குறட்டைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். சாவியின் அலகு மிக ஆழமாக வெட்டப்பட்ட இடத்தில்தான் மிகவும் குறுகியிருக்கும், அழுத்தம் அங்கேதான் குவியும், அங்கேதான் ஒடியும். ஒடிந்த துண்டு உருளைக்குள் தங்கிவிட்டால், இரண்டு நிமிஷத்தில் தீர வேண்டிய காரியம் பூட்டு நிபுணரின் மெல்லிய கொக்கிகளுக்கும், சில சமயம் உருளையையே துளையிட்டு எடுத்து மாற்றுவதற்கும் போய்ச்சேரும். கம்போங் ராஜாவுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில் ஒடிந்தால், மலையிறங்கி ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ ஆளனுப்ப வேண்டியும் வரலாம்.

ஸ்டியரிங்கைத் தளர்த்தியும் சாவி திரும்பாவிட்டால் சந்தேகம் தகடுகளின் மேல் திரும்புகிறது. சாவியை முழுவதும் உள்ளே தள்ளி, பிறகு ஒரு மயிரளவு வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்க்கலாம். தேய்ந்த முகடு தகட்டுக்கு நேரே வந்தால் திரும்பிவிடும். இந்த உபாயம் பலித்தது என்றால், சாவியின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தோட்டவேலையில் செம்மண்ணும் உரத்தூளும் சட்டைப்பைக்குள் புகுந்து, சாவியின் வெட்டுகளில் ஒட்டி, உருளைக்குள் போய்ச் சேருகின்றன. அப்பொழுது கையில் அகப்பட்ட எண்ணெயை விடுவது சாதாரண வழக்கம். முதல் நாள் அது அற்புதமாக வேலை செய்யும். பிறகு தூசியோடு கலந்து பசையாகி, தகட்டைப் பிளவுக்குள் ஒட்டவைத்துவிடும். அந்தச் சிறு சுருள்வில்லுக்குப் பசையை வெல்லும் பலம் கிடையாது.

ஆகவே பூட்டுக்காரர்கள் உலர்ந்த மசகையே சிபாரிசு செய்கிறார்கள். அவற்றுள் பழமையானது கிராபைட் தூள். கிராபைட்டின் அணுக்கள் ஏடுகளாக அடுக்கப்பட்டிருப்பதால் ஏட்டின் மேல் ஏடு வழுக்குகிறது என்று பள்ளிப்பாடத்தில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களில், மின்னாக்கிகளின் கரித்துண்டுகள் தரையில் நெடுங்காலம் உழைத்ததற்கு மாறாகச் சில மணி நேரத்துக்குள் பொடிப்பொடியாகத் தேய்ந்துபோனதை ஆராய்ந்தபோது, அவ்வுயரத்துக் காற்றில் நீராவி இல்லாமையே காரணம் என்று தெரியவந்தது. காற்றின் ஈரம் ஏடுகளின் ஓரங்களில் படிந்து அவற்றின் பற்றுதலைக் குறைத்தால்தான் கிராபைட் வழுக்கும். ஈரமற்ற இடத்தில் அது அரத்தைப் போல் அராவத் தொடங்கும். வருஷத்தில் பெரும்பகுதி மூடுபனியும் மழையுமாக இருக்கும் கேமரன் மலையின் சீதோஷ்ணம், இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிற அதே ஈரத்தால், பூட்டுக்குள் இட்ட கிராபைட்டுக்கு அனுகூலம் செய்கிறது என்பது எனக்கு எப்பொழுதும் வியப்பளிக்கும் செய்தி. ஆயினும் தூளை அள்ளி இறைத்துவிடலாகாது. கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், உருளைக்குப் பின்னாலேயே சுவிட்சு இருக்கிறது. சாவியின் வெட்டுகளில் சிறிது தடவி, சிலமுறை நுழைத்து எடுத்தால் போதும்.

குளிரின் மேல் பழிபோடுகிறவர்களும் இங்கே உண்டு. ஐரோப்பாவில் பூட்டுக்குள் புகுந்த நீர் உறைந்து தகடுகளைப் பிணித்துவிடுவது மெய்தான். ஆனால் கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978 பிப்ரவரியில், 7.8 பாகை செல்சியஸ். நீர் உறைவதற்கு அது வெகு தூரம். குளிர்ந்த காலையில் சாவி இறுகியிருந்தால், பழைய பசை தடித்திருக்கலாம், இரவெல்லாம் நின்ற டயர் தாழை அழுத்தியிருக்கலாம். பனிக்கட்டிக்கு இங்கே வேலையில்லை.

சாவி பின்னுக்குத் திரும்ப மறுப்பதும் உண்டு: தானியங்கி கியர் வண்டிகளில் கியர்தடி நிறுத்தும் நிலையில் இல்லாவிட்டால், சாவியைக் கடைசி நிலை வரை பின்னுக்குத் திருப்பி உருவ முடியாது; பேட்டரி தீர்ந்துபோன சில கார்களிலும் இந்தத் தடை விலகாது. சாவி ஒழுங்காகத் திரும்பியும் இயந்திரம் கிளம்பாவிட்டால் அது வேறு நோய். பேட்டரியிலோ, சாவியின் தலைக்குள் பதித்திருக்கும் அடையாளச் சில்லிலோ அதைத் தேட வேண்டும்.

திரும்ப மறுக்கும் சாவியைக் காட்டிலும் மிக எளிதில் திரும்பிவிடும் சாவி கொடியது என்பதற்கும் உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது; அவற்றின் சுவிட்சில் சாவியை அதனதன் நிலையில் நிறுத்திப்பிடிக்கும் சிறு வில்லின் பலம் போதாமையால், பள்ளத்தில் சக்கரம் இறங்கிய அதிர்ச்சியிலோ, கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி பின்னுக்குத் திரும்பி இயந்திரம் நின்றுபோயிற்று; விபத்து நேர்ந்தபோது பாதுகாப்புக் காற்றுப்பைகளும் விரியவில்லை. அந்தக் குறையோடு தொடர்புடையவை என்று நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. வீட்டுச்சாவி, ஸ்டோர்ச்சாவி, அலுவலகச்சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, கார்ச்சாவியோடு தொங்கவிட்டு, கொண்டையூசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கார்ச்சாவி தனியே இருப்பதுதான் நல்லது. தகடுகளுக்கும் அதனால் தேய்மானம் குறையும்.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் செருகுவதற்குச் சாவியே இல்லை. பொத்தானை அமுக்கினால் போதும். சாவித்துவாரம் மறைந்தபோது தாழும் மறைந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. அவற்றுள் பலவற்றில் அதே எஃகுத் தாழ் அதே காடியில் விழுகிறது. அதை உள்ளிழுக்கும் வேலையை விரலுக்குப் பதிலாக ஒரு சிறு மின்மோட்டார் செய்கிறது. சரிவில் நின்ற டயர் தாழை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த மோட்டாரும் திணறி நின்றுவிடும். அத்தகைய கார்களோடு வரும் கையேட்டைப் புரட்டினால், ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே பொத்தானை அமுக்குமாறு எழுதியிருப்பதைக் காணலாம். திரிங்காப்பில் அந்த லோரி டிரைவர் கிராணிக்குச் சொன்ன அதே முறை.